பல்லு எழுதிய ‘அண்டை’

அவரைத் தெரு முழுக்கப் ‘பல்லு’ என்றுதான் கூப்பிடும். பல் டாக்டர் அல்ல. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுக்குப் பல் செட் செய்து தருகிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசை மேல் மெழுகு, சின்ன ஸ்பிரிட் விளக்கு, டப்பா டப்பாவாக வெள்ளைப் பற்கள். சுவர் அலமாரியில் வரிசையாகக் காயும் இளஞ்சிவப்பு ஈறுகள். புதிதாக உள்ளே வருகிறவர்கள் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். உடம்பில்லாத ஆட்கள் சிலர் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். “பயப்படாதீங்க, கடிக்காது” என்பார் பல்லு.

அவருடைய வலது கட்டைவிரல் நகம் மட்டும் கொஞ்சம் நீளம். மெழுகு சுரண்டுவதற்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். அது வேறொரு காரியத்துக்காக இருபது வருஷத்துக்கு முன் வளர்த்தது.

அந்தக் காலத்தில் கைபேசி என்றால் பேசுவதற்கு, கணினி என்றால் மேசைக்கு. இரண்டுக்கும் நடுவில், சட்டைப்பையில் அடங்கும் அளவில், லினக்ஸ் என்ற பொது மென்பொருள் ஓடும் ஓர் இணையக் கருவி விற்பனைக்கு வந்தது. அதில் பேச முடியாது. சிம் கிடையாது. வைஃபை கிடைத்தால் உலகமே கையில். கிடைக்காவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடி. ஊரில் அதை வாங்கிய பைத்தியங்கள் மூன்று பேர்: பல்லு, கல்லூரியில் கணக்கு நடத்தும் வாத்தியார், வீடு வீடாகப் போய் மின்சார அளவு எடுப்பதால் ‘மீட்டர்’ ஆனவர். பிரவுசிங் சென்டரின் வெளிப்படியில் உட்கார்ந்தால் உள்ளே இருந்து வைஃபை கசியும். வேலை முடிந்ததும் மூவரும் அந்தப் படிக்கு வந்துவிடுவார்கள். பல்லுக்குத்தி மாதிரி ஒரு குச்சியால் திரையைக் குத்திக்கொண்டே இருப்பார்கள். கருவிக்குள் போவதற்குப் பூட்டு என்று எதுவும் இல்லை. கடைசி அறைவரை போய் எதையும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், கெடுக்கலாம். கெடுத்துவிட்டு ஒரு மடல் போட்டால், உலகத்தின் மறு மூலையில் பெயர் தெரியாத யாரோ ஒருவர் தூக்கம் கெட்டு அதைச் சரிசெய்து அனுப்புவார். அவருக்கும் இது பைத்தியம்.

கருவி அடிக்கடி அப்படியே உறைந்து நின்றுவிடும். அப்போது பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியைக் கழற்றி மாட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்த நகம். நாளடைவில் அது மூவருக்குள் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. முக்கியமாக ஏதாவது பேசவேண்டுமென்றால் மூடியை நெம்பி, மூன்று பேட்டரிகளையும் படியில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. ஒட்டுக்கேட்கிற அளவுக்கு அவர்கள் பேச்சில் சரக்கும் இல்லை. சும்மா ஒரு ஜோர்.

“பட்டனை நம்பாதப்பா. பேட்டரி வெளிய வந்தாத்தான் அணைஞ்சதுன்னு அர்த்தம்” என்று மீட்டர் கண்ணைச் சிமிட்டுவார்.

அந்த நாட்களில்தான் பல்லு ‘அண்டை’யை எழுதினார். சின்னப் புரோகிராம். பக்கத்தில் அதே புரோகிராம் உள்ள கருவி வந்தால் இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். யார் யார் அருகில் இருக்கிறார்கள், எப்போது வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று வரிவரியாகக் காட்டும், எழுதியும் வைக்கும். கூட்டத்தில் நண்பனைத் தேடி அலைய வேண்டாம் என்பது யோசனை.

அதில் ஒரு சங்கடமும் வந்தது. பிரவுசிங் சென்டரின் கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். “படியில உக்காந்து திருடறதுக்கு உள்ள வந்து உக்காரலாமே, பெஞ்சு என்ன தேய்ஞ்சா போயிடும்?” என்று ஒருநாள் கேட்டாள். அதற்கப்புறம் பல்லு மட்டும் முன்னதாகவே வந்து உள்ளே உட்கார ஆரம்பித்தார். படியேறும்போதே மற்ற இருவரின் கருவியும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கேலி தாங்கவில்லை. ஆகவே ‘போர்வை’ என்று பதினோரு வரி சேர்த்தார். ஒருவர் போர்வை போட்டால் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்துக் கருவிகளும் போர்வை விலகும்வரை எதையும் எழுதிவைக்காது. அந்தப் பதினோரு வரியின் மறைவில்தான் அவருடைய கல்யாணம் முடிவானது.

‘அண்டை’யை ஊருக்குப் பொதுவாக விடும்போது வாத்தியார் ஒரு விஷயத்தில் மல்லுக்கு நின்றார். “சும்மா விடாதே. எவன் எடுத்தாலும், மாத்தினா மாத்தினதைத் திருப்பிக் காட்டணும்னு ஒரு நிபந்தனை போடு. அந்த மாதிரி உரிமம் இருக்கு.”

“காத்துக்கு வேலி போடச் சொல்றீங்க” என்றார் பல்லு. “யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும். எழுதினவன் பேரை மட்டும் அழிக்காம இருந்தாப் போதும்.”

கடைசியில் அப்படியே விட்டார்.

வருஷங்கள் போயின. கருவிகள் மெலிந்தன, பளபளத்தன. ஒவ்வொரு புது மாடலிலும் ஏதோ ஒன்று காணாமல் போனது. முதலில் குச்சி போயிற்று, அதற்கு யாரும் அழவில்லை. பிறகு உள்ளே போகும் கதவு போயிற்று. பிறகு நினைவு அட்டையின் வாய் அடைபட்டது. கடைசியில் பின்மூடியே போய், முழுவதும் ஒட்டி மூடிய வழுவழுப்பான பலகை வந்தது. அதற்குள்ளே ஓடுவது அதே லினக்ஸின் பேரப்பிள்ளைதான். ஆனால் கையில் வைத்திருக்கிறவருக்கு அது வீட்டில் வாடகைக்கு இருக்கிற உறவுக்காரன் மாதிரி. எதையும் கேட்க முடியாது. மூவரும் வருஷத்துக்கு ஒருமுறை பட்டறையில் கூடி, பழைய கருவிகளுக்குப் புது பேட்டரி போட்டு உயிர்கொடுத்து, இதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டுக் கலைவார்கள்.

இந்த வருஷமும் கூடினார்கள். நல்ல பகல் நேரம். அலமாரியில் ஈறுகள் காய்ந்துகொண்டிருந்தன. மூன்று கருவிகளும் மெதுவாக விழித்தன. மீட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, நாம மூணு பேருதானே?”

“ஏன், உனக்கு நாலாத் தெரியுதா? கண் டாக்டரைப் பாரு” என்றார் வாத்தியார்.

“எனக்கு இல்லப்பா. இதுக்கு நாலாத் தெரியுது.”

மூன்று பட்டப்பெயர்களுக்குக் கீழே நான்காவதாக ஒரு வரி இருந்தது: க-417.

அறையில் வேறு யாரும் இல்லை. பல்லு அலமாரியைக்கூடத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி எட்டிப்பார்த்து, “அது என் மாமியார்” என்றாள்.

அவள் இப்போது ஊருக்கு வெளியே உள்ள பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறாள். அங்கே எல்லோருக்கும் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு கைக்கருவி. பார்சலின் பட்டைக்கோடுகளைப் படிக்கும்; அடுத்து எந்த வரிசைக்கு ஓடவேண்டும் என்று சொல்லும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டுக் கொண்டுவர வேண்டும், கம்பெனிக்கு மின்சாரம் மிச்சம். எங்கே போகிறாய், யாரோடு நிற்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் பெண்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு விளக்கு, கண் சிமிட்டுவதுபோல் விட்டுவிட்டு எரிந்தது.

பல்லு அதை எடுத்து, அமைப்புகளுக்குள் போய், அதற்குள் இன்னொன்றுக்குள் போய், யாரும் இதுவரை திறந்திராத ஒரு பக்கத்தை எட்டினார். எறும்பு ஊர்வதுபோல் எழுத்துகள். யார் யாருடைய புரோகிராம்கள் இதற்குள் இருக்கின்றன என்ற நன்றியுரை. நடுவில் ஒரு வரி: ‘அண்டை. எழுதியவர்: பல்லு.’

முதலில் அவருக்கு வந்தது பெருமை. “பாரும்மா, இது நான்” என்று மனைவியிடம் காட்டினார்.

அவள் படித்தாள். “அப்போ இந்தச் சனியனைப் பெத்தது நீங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கிடங்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் புழுக்கத்தில் மயங்கி, பார்சல் மேசைக்கு அடியில் விழுந்து கிடந்தாள். கருவி அதை ‘வேலையின்றி நின்ற நேரம்’ என்று எழுதியது. மறுநாள் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்கலாம் என்று இரண்டு பேர் அலமாரி இடுக்கில் நின்று பேசினால், அடுத்த வாரம் ஒருத்தி பகலுக்கு, ஒருத்தி இரவுக்கு. மூன்று பேர் பேசினால் ஒருத்தி வேலையிலேயே இல்லை.

“எவளோ போட்டுக்கொடுக்கறான்னு ஆறு மாசமா நினைச்சிட்டு இருந்தேன்” என்றாள். “நான் மனசுக்குள்ள திட்டாத ஆளு இல்ல. அவங்களும் என்னைத் திட்டியிருப்பாங்க. பக்கத்துல நின்னு சாப்பிடறதையே விட்டுட்டோம்.”

தலையெழுத்து என்று சொல்லி உட்காருவது எளிது. இது தலையில் யாரும் எழுதியதல்ல. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இதனால் யாருக்கு லாபம் என்று தெரிந்து, கைவிரலால் எழுதியது. அதில் முதல் கை தன் கை என்பது பல்லுவுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

மனைவியையும் சேர்த்து ஏழு பெண்கள் தொழிலாளர் அதிகாரிக்கு ஒரு மனு எழுதுவதாக இருந்தார்கள். ஏழு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசி, கையெழுத்துப் போட வேண்டும். அது கொடுப்பதற்கு முன் தெரிந்துபோனால் ஏழாகப் பிரித்து எறிந்துவிடுவார்கள்.

“போர்வை இருக்கு” என்றார் பல்லு.

பழைய கருவியில் போர்வை போட்டார். ஆணியில் தொங்கிய மாமியாரின் பச்சை விளக்கு நின்றது. எடுத்தார், மறுபடி சிமிட்டியது. போட்டார், நின்றது. மனைவி முகத்தில் பழைய கவுண்டர்ப் பெண் எட்டிப்பார்த்தாள்.

வாத்தியார் மட்டும் சமாதானமாகவில்லை. “விளக்கு நின்னா எழுதலைன்னு உனக்கு யார் சொன்னது?”

“நான் எழுதினதுதானே சார். வரி வரியாத் தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்சது நீ எழுதினது. அதுல ஓடறது அவங்க எழுதினது. அதைக் காட்டணும்னு நீ கேக்கவே இல்லையே.”

“என் புள்ளையை எனக்குத் தெரியாதா?”

“வளர்த்தது வேற ஆளுப்பா” என்றார் வாத்தியார்.

பிரித்துப் படித்ததை நம்பலாம் என்பது இவர்கள் கூட்டத்துக்கே உரிய நம்பிக்கை. பிரிக்க முடியாததையும், தான் எப்போதோ படித்ததை வைத்து நம்பிவிட்டார் பல்லு.

மனைவி சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில் பழைய கருவியை வைத்துக்கொண்டு போனாள். மதிய இடைவேளையில் ஏழு பேரும் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தார்கள். ஏழு பச்சை விளக்குகளும் நின்றன. ஆறு மாசமாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காதவர்கள், யார் யாரைச் சந்தேகப்பட்டோம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை கொடுப்பது என்று முடிவாயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பல்லுவின் தலையில் செல்லமாகக் குட்டினாள். அன்றைக்கு அவர் செய்த பல் செட்டில் கடைவாய்ப்பல் ஒன்று தலைகீழாக இருந்தது, சந்தோஷத்தில்.

இரண்டு நாள் கழித்து அவளை மேனேஜர் கூப்பிட்டார். கண்ணாடி அறை. உட்காரச் சொன்னார், அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“கிடங்குல இருநூறு கருவி இருக்கும்மா” என்றார். குரல் உயரவே இல்லை. “எல்லாம் எழுதிக்கிட்டே இருக்கும். அன்னைக்கு மதியம் ஏழு மட்டும் ஒண்ணா வாயை மூடிக்கிச்சு, ஒண்ணாத் திறந்துச்சு. கருவி பேசியிருந்தா, சாப்பாட்டு நேரத்துல இருநூறு கருவி பேச்சுல அது எங்களுக்கு எங்க தெரியப்போகுது? ஏழு பேரும் எங்க போயிருந்தீங்க, ஆகாயத்துக்கா?”

ஏழு பேருக்கும் தற்காலிக வேலைநீக்கம். விசாரணைக்கு எப்போது வரவேண்டும் என்பது கருவியில்தான் வரும். ஆகவே அதைக் கூடவே வைத்திருக்க வேண்டும், அணைக்கக் கூடாது. அன்று சாயங்காலமே ஏழு கருவியிலும் ஒரே செய்தி வந்தது: யோசனை யாருடையது என்று முதலில் சொல்கிறவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும். மனு கொடுக்குமுன் ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் ஒருமுறை கூடிப் படித்துப் பார்ப்பது என்று மனைவி மற்ற ஆறு பேருக்கும் சொல்லியிருந்தாள்.

பல்லு அதற்கடுத்த இரண்டு நாளும் வேலையைத் தொடவில்லை. மனைவியின் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தை அதன் விளிம்பு முழுக்க ஓட்டினார். எங்கேயும் நகம் இறங்க இடமில்லை. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“விடுங்க, நகம் உடைஞ்சிடும்” என்றாள் அவள்.

“ஞாயித்துக்கிழமை வர்றவங்களை அதை வீட்டுலயே வச்சிட்டு வரச்சொல்லு.”

“வேண்டாம். ஒளிச்சு வச்ச அன்னைக்குத்தான் மாட்டினோம். மாட்டிக்கிட்டே வரட்டும். எழுதறதை எழுதட்டும்.”

“வருவாங்களா?”

அதுதான் கேள்வியே. ஒருத்தி வராவிட்டாலும் திங்கட்கிழமை அந்த மனுவுக்கு உயிரில்லை. வராதவள் எங்கே போயிருப்பாள் என்று மற்றவர்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஞாயிறு. வெயில் ஏறிவிட்டது. வாத்தியாரும் மீட்டரும் சாட்சிக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பல்லு பழைய கருவியை மேசை மேல் நிறுத்திவைத்தார். நண்பர்களின் பட்டப்பெயர்கள், அதற்குக் கீழே மனைவியின் க-417. வெகுநேரம் அவ்வளவுதான். ஆள் வாசலுக்கு வருமுன்னே வரி வந்துவிடும் என்பதால் எல்லோரும் கதவைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்கள்.

க-388. செருப்புச் சத்தம். “அக்கா” என்று ஒரு குரல்.

பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். பிறகு ஒன்று. பிறகு ஒன்று, மூச்சு வாங்கிக்கொண்டு. ஏழாவதாக, கடைசியில் வந்தவள் கதவருகே நின்றபடியே, “நான் வரமாட்டேன்னு யாரெல்லாம் நினைச்சீங்க, கையைத் தூக்குங்க” என்றாள். நான்கு கைகள் உயர்ந்தன. அவளும் தூக்கினாள். “நானே நினைச்சேன்.”

ஏழு பேர், ஏழு எண்கள். ஏழு பச்சை விளக்குகளும் சிமிட்டிக்கொண்டிருந்தன. மனைவி மனுவைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைப் படித்தாள்.

அப்போது திரையில் எட்டாவதாக ஓர் எண் வந்தது: க-001.

யார் என்று யாரும் கேட்கவில்லை. கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்த எண் அது. சூப்பர்வைசருடையது. வாசல் கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியில், வெயில் கோட்டை மறித்துக்கொண்டு ஒரு ஜோடி கறுப்பு ஷூ நின்றது.

பிறகு அந்த வரி மறைந்தது. ஷூ மறையவில்லை.

பெண்களில் ஒருத்தி தன் இடுப்பைப் பார்த்தாள். பச்சை விளக்கு நின்றுவிட்டிருந்தது. அடுத்தவளுடையதும். ஏழும்.

பல்லுவுக்குப் புரிந்தது. மேலே இருக்கிறவர்களுக்குப் போர்வை கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணோடு கொஞ்ச நேரம் கூடப் பேசுவதற்காகத் தான் எழுதிய பதினோரு வரி. பிறர் நடப்பது, நிற்பது, மயங்கி விழுவது எல்லாம் எழுதப்படும். இவர்கள் வருவது எழுதப்படாது. இந்த நேரத்தில் இந்த வாசலில் யார் நின்றார்கள், அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதற்கு எந்தக் கருவியிலும் இனி ஒரு வரி இருக்காது.

எந்தக் கருவியிலும் என்றா நினைத்தோம் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே போகக் கதவு உள்ள ஒன்று அவர் கையில் இருந்தது.

குச்சியை எடுத்தார். ‘அண்டை’யைத் திறந்து, கீழே இறங்கி, போர்வை போட்டவரின் வரியைக் காட்டாதே, எழுதாதே என்று சொல்லும் இடத்தைக் கண்டுபிடித்து அழித்தார். வாத்தியார் எழுந்து வந்து தன் கருவியை அருகில் வைத்தார். மீட்டரும் வைத்தார்.

“எங்களுதுலயும் மாத்து. சாட்சி ஒண்ணு பத்தாது” என்றார் மீட்டர்.

மாற்றிவிட்டு மூன்றையும் மறுபடி ஓடவிட்டார். திரை வெளுத்து, மெல்லப் பெயர்கள் ஊறி வந்தன. பட்டப்பெயர்கள். ஏழு எண்கள். க-001.

அதோடு நிற்கவில்லை. க-002. க-003. கொஞ்சம் தயங்கி, க-006. க-009.

கதவுக்கு அடியில் தெரிந்தது ஒரே ஜோடி ஷூதான்.

“எத்தனை பேருங்க?” என்று மனைவி கேட்டாள். கேட்கும்போதே மனுவை நான்காக மடித்து வாத்தியாரின் சட்டைப்பையில் செருகினாள்.

“அஞ்சு.”

அவள் மற்றப் பெண்களைப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அலமாரியில் ஈறுகள் வாயைப் பிளந்தபடி இருந்தன. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

“நாற்காலி பத்தாதே” என்றாள். நடந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.